மிதிவண்டியின் முதுகெலும்பு

மனிதன் தன் கால்களின் ஆற்றலைப் பெருக்கிக் கொள்வதற்காகக் கண்ட கருவிகளுள் மிதிவண்டி தலைசிறந்தது. அதற்குத் தீனி வேண்டுவதில்லை, எரிபொருள் வேண்டுவதில்லை. ஊர்பவனுடைய உடலே அதற்கு இயந்திரம். ஒரு மணி நேரத்தில் 5 கிலோமீட்டர் நடக்கக்கூடிய ஒருவன், அதே உழைப்பைக் கொண்டு மிதிவண்டியில் 15 கிலோமீட்டர் எளிதிற் கடந்து விடுவான்.

இவ்வண்டியைக் காண்போர் கண்ணில் முதலிற் படுவன சுழலும் உருளிகளும், ஓடும் சங்கிலியும், பளபளக்கும் கைப்பிடியுமே. ஆயின், இவை யாவற்றையும் தாங்கி, ஒன்றாக இணைத்து நிறுத்துவது அதன் சட்டம். கடைத்தெருவில் இதனைப் ‘பிரேம்’ என வழங்குவர். உடலுக்கு முதுகெலும்பு எத்தகையதோ, அத்தகையது வண்டிக்குச் சட்டம். டயர் தேய்ந்தால் வேறு டயர் போடலாம். சங்கிலி அறுந்தால் வேறு சங்கிலி கோக்கலாம். சட்டத்தை மாற்றுவதோ வண்டியையே மாற்றுவதற்கு ஒப்பாகும். ஆதலின் அதனை ஆராய்ந்தே தேர்தல் வேண்டும்.

பிரான்சு, இத்தாலி, பெல்சியம் முதலிய நாடுகளில், நெடுந்தொலைவு விரைந்து செல்வதற்கென்றே அமைந்த சாலைப் பந்தய வண்டிகளை ஊர்தல் மக்களுக்கு மிக விருப்பமான பொழுதுபோக்காகும். இளமையில் அவ்வண்டியைப் பழகியவர் முதுமையிலும் அதனை விடுவதில்லை. ஆயின், ஐம்பதாண்டைக் கடந்தபின் முதுகு முன்போல் வளைவதில்லை; உள்ளங்கை மரத்துப் போகிறது; நேற்று வரை எளிதாய் ஏறிய மேடு இன்று மலையாகத் தோன்றுகிறது. அந்நிலையில் அவர் உள்ளத்தே ஒரு கேள்வி எழும்: “இதனினும் எடை குறைந்ததும், உடலுக்கு இதமானதும் ஆகிய சட்டம் ஒன்று கிடையாதா?” என்பதே அது.

கேள்வி எளியது, விடை எளியதன்று. தவறாகத் தேர்ந்தவர் பெரும் பொருளையும் இழந்து, பழைய வலியையும் சுமந்து, இறுதியில் வண்டி ஊர்வதையே கைவிடுவதும் உண்டு. நன்கு தேர்ந்தவரோ மேலும் பல்லாண்டு தம் கால்களின் உரிமையைக் காத்துக் கொள்வர். அத்தேர்வுக்கு வேண்டிய அறிவு யாது என்பதை இப்பாடத்திற் காண்போம்.

சட்டம் வளர்ந்த வரலாறு

1817 ஆம் ஆண்டில் செருமனி நாட்டு மான்ஃகைம் நகரில் கார்ல் வான் டிரைசு என்பவர் இரண்டு உருளிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்தி ஒரு வண்டி செய்தார். அதன் சட்டம் மரத்தால் ஆயது. மிதிகள் இல்லை, ஊர்பவர் தரையைக் காலால் உந்தியே சென்றார். அவ்வண்டியின் எடை ஏறத்தாழ 22 கிலோ.

1860-களில் பாரிசு நகரத்து மிசோ என்னும் கொல்லர் பட்டறையிலிருந்து, முன்னுருளியில் மிதிகள் பூட்டிய வண்டிகள் வெளிவந்தன. இரும்புச் சட்டமும், இரும்புப் பட்டை அடித்த மர உருளியும் கொண்ட அவை கல் பாவிய தெருக்களில் ஓடியபோது, ஊர்ந்தவர் உடல் முழுதும் நடுங்கிற்று. ஆங்கிலேயர் அவ்வண்டிக்கு ‘எலும்பு குலுக்கி’ என்றே பெயரிட்டனர். மிதிவண்டியின் வரலாற்றில் இதம் என்னும் கேள்வி அன்றே பிறந்துவிட்டது.

1885 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கவெண்டிரி நகரில் சான் கெம்பு சுடார்லி என்பவர் ‘ரோவர்’ என்னும் வண்டியை அமைத்தார். ஏறத்தாழ ஒத்த அளவுள்ள இரண்டு உருளிகள், பின்னுருளியைச் சங்கிலியால் இழுக்கும் அமைப்பு ஆகியன அதன் சிறப்புகள். சில ஆண்டுகளுக்குள், குழாய்களை இரண்டு முக்கோணங்களாக இணைத்த சட்டம் உருப்பெற்றது. முக்கோணம் தன் பக்கங்களின் நீளம் மாறினாலன்றி வடிவம் மாறாதது. நான்கு மூங்கிற் கழிகளைச் சதுரமாகக் கட்டி ஒரு மூலையை அழுத்தினால் அது சாய்ந்துவிடும். மூன்று கழிகளைக் கட்டினால் சாயாது. இவ்வுண்மையே சட்டத்தின் வலிமைக்கு அடிப்படை. நூற்றாண்டு கடந்தும் இவ்வமைப்பு மாறாமல் நிற்பதற்குக் காரணம் இதுவே.

1888 ஆம் ஆண்டில் பெல்பாசுட்டு நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் சான் பாய்டு டன்லப் என்பவர், தம் இளமகன் ஊர்ந்த மூவுருளி வண்டியின் அதிர்ச்சியைக் குறைக்கக் கருதி, காற்றடைத்த இரப்பர்க் குழாயை உருளியின்மேற் சுற்றினார். தந்தையின் அன்பிற் பிறந்த அக்குழாயே இன்றைய டயருக்கு முன்னோடி. இச்செய்தியை மாணவர்கள் நினைவிற் கொள்க. பின்னர் இது பயன்படும்.

இனி, சட்டத்தின் எடையைக் குறைத்த கதையைக் காண்போம். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஆணி செய்யும் தொழிலில் ஈடுபட்டிருந்தவர் ஆல்பிரடு ரெய்னால்ட்சு. குழாய் இணையும் முனைகளிலேதான் பளு மிகுதியாக விழுகிறது என்பதையும், நடுப்பகுதியில் அத்துணைத் தடிப்பு வேண்டுவதில்லை என்பதையும் அவர் உணர்ந்தார். முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் உள்ள குழாய்க்கு 1897 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். குழாயின் வெளியளவு ஒன்றே. உட்சுவர் மட்டும் முனையில் 0.8 மில்லிமீட்டராகவும், நடுவில் 0.5 மில்லிமீட்டராகவும் இருப்பது போன்ற அமைப்பு இது. தேவையான இடத்தில் வலிமையும், தேவையற்ற இடத்தில் மெலிவும் வைத்தல் நல்ல பொறியறிவின் இலக்கணமன்றோ? அந்நிறுவனம் 1935 ஆம் ஆண்டில் மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த ‘531’ என்னும் எஃகுக் குழாயை வெளியிட்டது. பல்லாண்டுகள் ஐரோப்பியப் பந்தய வீரர் பலர் ஊர்ந்தது அக்குழாயால் ஆன சட்டத்தையே.

அந்நிறுவனத்தை 1928 ஆம் ஆண்டில் தன்னோடு இணைத்துக்கொண்ட ‘டியூப் இன்வெசுட்மெண்ட்சு’ என்னும் பர்மிங்காம் குழுமமே, பின்னர் முருகப்பா குடும்பத்தாரோடு கூட்டுச் சேர்ந்து, 1949 ஆம் ஆண்டில் சென்னையில் ‘டி. ஐ. சைக்கிள்சு’ என்னும் நிறுவனம் தோன்றக் காரணமாயிற்று. பர்மிங்காமின் குழாய்த் தொழிலும் அம்பத்தூரின் மிதிவண்டித் தொழிலும் இவ்வாறு ஒரு குடும்ப உறவுடையனவாயின.

எடையின் கணக்கு

எடை குறைந்த வண்டி நன்று என்பதை எவரும் மறுப்பதில்லை. எவ்வளவு நன்று என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தவர் சிலரே.

பிரான்சு நாட்டு ஆல்ப்சு மலையில் ஆல்ப் தூயே என்னும் ஊருக்குச் செல்லும் பாதை உலகப் புகழ் பெற்றது. 1952 ஆம் ஆண்டில் பிரான்சு சுற்றுப் பந்தயம் முதன்முறையாக அவ்வழி சென்றபோது, இத்தாலிய வீரர் பவுசுட்டோ கோப்பி அம்மலையில் வெற்றி பெற்றார். பாதையின் நீளம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர், ஏற்றம் ஏறத்தாழ 1,100 மீட்டர், வளைவுகள் 21.

70 கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோ எடையுள்ள வண்டியில் ஒரு மணி நேரத்தில் அம்மலையை ஏறுகிறார் எனக் கொள்வோம். மலையேற்றத்தில் உழைப்பின் பெரும்பகுதி எடையை மேலே தூக்குவதிற் செலவாகிறது. தூக்கப்படும் மொத்த எடை 80 கிலோ. சட்டத்தை மாற்றி ஒரு கிலோவைக் குறைத்தால், 80-இல் ஒரு பங்கு குறையும். ஒரு மணி நேரத்தில் 80-இல் ஒரு பங்கு 45 விநாடி. காற்றின் தடையையும் கணக்கிற் சேர்த்தால் இச்சேமிப்பு இன்னும் சிறிது குறையும். ஒரு கிலோ குறைந்த சட்டத்தால் விளையும் முழுப் பயன் இத்துணையே.

சமவெளியிலோ இப்பயனும் கிட்டாது. அங்கே ஊர்பவரைத் தடுப்பது எடையன்று, காற்றே. மணிக்கு 30 கிலோமீட்டர் விரைவிற் செல்பவர் தம் ஆற்றலின் பெரும்பகுதியைக் காற்றைக் கிழிப்பதிற் செலவிடுகிறார். சட்டம் ஒரு கிலோ குறைந்ததென்பது அங்கே அவருக்குத் தெரியவே தெரியாது. முக்கால் லிட்டர் தண்ணீர் நிறைந்த குடுவையின் எடை முக்கால் கிலோவுக்கு மேல். வழியில் அக்குடுவையைக் குடித்துத் தீர்த்தவர், பெரும்பொருள் கொடுத்து வாங்கும் எடைக்குறைவை ஏறத்தாழச் செலவின்றியே பெற்று விடுகிறார்.

பந்தய வீரனுக்கு 45 விநாடி வெற்றிக்கும் தோல்விக்கும் உள்ள இடைவெளி. அவனுக்கு இக்கணக்கு உயிர்நாடி. பொழுதுபோக்காக ஊர்பவருக்கோ அஃது ஒரு மூச்சு வாங்கி இளைப்பாறும் நேரம். விரலுக்குத் தக்க வீக்கம் என்பது பழமொழி. தமக்கு எது தேவை என்று அறிந்தே எடைக்கு விலை கொடுத்தல் வேண்டும்.

எடைக்குறைவுக்கும் ஓர் எல்லை உண்டு. பெல்சிய நாட்டு வீரர் எடி மெர்க்சு 1972 ஆம் ஆண்டில் மெக்சிகோ நகரத்து ஓடுகளத்தில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் சென்று உலக அருஞ்செயல் நிகழ்த்தினார். அவருக்காக எர்னசுட்டோ கோல்னாகோ என்பவர் அமைத்த எஃகு வண்டியின் எடை 6 கிலோவுக்கும் குறைவு. ஆயின், அது பள்ளமோ மேடோ இல்லாத ஓடுகளத்தில் ஒரே ஒரு மணி நேர ஓட்டத்திற்கென்று அமைந்தது; நாள்தோறும் சாலையில் ஊர்வதற்கன்று. எடையைக் குறைக்கும் போட்டி வரம்பு மீறலாகாது என்றெண்ணிய அனைத்துலக மிதிவண்டிச் சங்கம், பந்தயங்களில் ஓடும் வண்டி 6.8 கிலோவுக்குக் குறையலாகாது என்னும் விதியை 2000 ஆம் ஆண்டில் நடைமுறைக்குக் கொண்டு வந்தது.

இதம் எங்கிருந்து வருகிறது?

“எஃகுச் சட்டம் மென்மையானது, அலுமினியச் சட்டம் கடுமையானது” என்று கூறுவோர் பலர். இக்கூற்றில் உண்மை சிறிது, மிகை பெரிது.

முக்கோணங்களால் ஆன சட்டம் பக்கவாட்டில் ஓரளவு வளையும். மேலிருந்து கீழாகவோ அது வளைவது கண்ணுக்குப் புலப்படாத அளவே. சாலையின் அதிர்ச்சி உடலை எட்டுமுன் முதலில் அதனை ஏற்பது டயர். அடுத்து, உருளி, அதன்பின் முன்கவையும் சட்டமும், இறுதியில் இருக்கைத் தண்டும் இருக்கையும். இவற்றுள் மிகுதியாக அமுங்குவது டயரே. சட்டம் ஒரு மில்லிமீட்டர் இணங்குவதே அரிது. டயரோ சில மில்லிமீட்டர் எளிதில் அமுங்கும். டன்லப் தம் மகனுக்காகச் சட்டத்தை மாற்றவில்லை, டயரையே கண்டார் என்பதை இங்கு நினைவு கூர்க.

1990-களில் பந்தய வண்டிகளில் 23 மில்லிமீட்டர் அகலமுள்ள டயரைப் பெரிதும் வழங்கினர். ஒடுங்கிய டயரில் காற்றை மிக அழுத்தி அடைத்தால் விரைவு மிகும் என்பது அந்நாளைய நம்பிக்கை. சொரசொரப்பான சாலையில் அத்தகைய டயர் துள்ளித் துள்ளி ஆற்றலை வீணாக்குகிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இன்று பந்தய வீரர்களே 28 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள டயர்களை விரும்புகின்றனர். 32 மில்லிமீட்டர் டயரின் உள்ளே அடங்கும் காற்று, 23 மில்லிமீட்டர் டயரில் அடங்குவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. அகலம் மிகுந்தால் காற்றின் அழுத்தத்தைக் குறைக்கலாம். அழுத்தம் குறைந்தால் அதிர்ச்சி குறையும்.

1896 ஆம் ஆண்டு தொடங்கிய பாரிசு–ரூபே பந்தயம் இதற்குச் சிறந்த சான்று. அப்பாதையில் 50 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு கரடுமுரடான கல் பாவிய வழி. அங்கே செல்லும் வீரர்கள் எஃகுச் சட்டம் ஊர்ந்த காலத்திலும் சரி, கரிம இழைச் சட்டம் ஊரும் இக்காலத்திலும் சரி, ஏனைய பந்தயங்களினும் அகன்ற டயர்களையே நாடினர்.

அவ்வாறாயின் சட்டத்தை மாற்றுவதாற் பயனே இல்லையோ எனின், உண்டு. பழைய சட்டங்கள் பலவற்றில் முன்கவைக்கும் டயருக்கும் இடையே ஒரு விரல் நுழையவும் இடமில்லை. அவற்றில் 25 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட டயரைப் பொருத்த இயலாது. புதிய சட்டம் ஒன்றைத் தேடுபவர் முதலிற் கேட்க வேண்டுவது, “இதன் எடை என்ன?” என்பதன்று, “இதில் எவ்வளவு அகன்ற டயர் நுழையும்?” என்பதே. 32 மில்லிமீட்டர் டயருக்கு இடந்தரும் சட்டம், அதன் உலோகம் எதுவாயினும், பழையதினும் இதமாக ஓடும்.

உடலுக்கேற்ற அளவு

அதிர்ச்சியால் வரும் துன்பம் ஒருவகை; அமரும் நிலையால் வரும் துன்பம் மற்றொருவகை. வண்டியில் உடல் மூன்று இடங்களில் தங்குகிறது: இருக்கை, கைப்பிடி, மிதி. இம்மூன்றிற்கும் உள்ள தொலைவு உடலுக்குப் பொருந்தினால் பளு பகிர்ந்து செல்லும். பொருந்தாவிடின் ஓரிடத்திற் குவியும்.

கைப்பிடி மிகத் தொலைவிலோ மிகத் தாழ்வாகவோ இருந்தால், உடற்பளு உள்ளங்கையின்மேல் விழும். மணிக்கட்டைக் கடந்து செல்லும் நரம்பு அழுந்தி, சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப் போகும். முன்னே நோக்குவதற்காகக் கழுத்தைப் பின்னோக்கி வளைப்பதால் பிடரி வலிக்கும். இருக்கை மிக உயர்ந்திருந்தால் இடுப்பு இருபுறமும் ஆடும். மிகத் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்புறம் நோகும். மிதி மிகக் கீழே வரும்போது முழங்கால் சிறிதே மடங்கியிருத்தல் சரியான உயரத்திற்கு அடையாளம்.

சட்டத்தின் அளவைப் பழங்காலத்தில் இருக்கைக் குழாயின் நீளத்தைக் கொண்டே குறித்தனர். மேற்குழாய் சாய்ந்த புதிய அமைப்புகள் வந்தபின் அவ்வளவு மட்டும் போதவில்லை. இன்று இரண்டு அளவுகளை நோக்குவர். மிதிகள் சுழலும் அச்சின் நடுவிலிருந்து, கைப்பிடி நிற்கும் தலைக்குழாயின் உச்சி எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பது ஒன்று. எவ்வளவு முன்னே உள்ளது என்பது மற்றொன்று. உயரம் மிகுந்து, முன்நீட்டம் குறைந்தால், ஊர்பவர் நிமிர்ந்து அமரலாம். பந்தயத்திற்கென்று அமைந்த சட்டங்களில் உயரம் குறைவு, நீட்டம் மிகுதி. நெடும்பயணத்திற்கென்று அமைந்த சட்டங்களில் தலைக்குழாய் நீண்டிருக்கும். இரண்டு உருளிகளின் இடைவெளியும் சிறிது மிகுந்திருக்கும். அதனால் வண்டி நிலைத்து ஓடும்.

ஈண்டு ஓர் அறிவுரை கூறுதல் தகும். வலி தோன்றியவுடன் சட்டத்தை மாற்ற ஓடுதல் கூடாது. கைப்பிடியைச் சட்டத்தோடு இணைக்கும் கழுத்துத் துண்டைக் குறுகியதாக மாற்றலாம். இருக்கையை ஒரு விரற்கடை ஏற்றியோ இறக்கியோ பார்க்கலாம். டயரின் காற்றைச் சிறிது குறைத்துப் பார்க்கலாம். இவற்றிற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. இவற்றால் வலி நீங்குமாயின் சட்டம் குற்றமற்றது. நீங்காவிடினும் இம்முயற்சி வீணாவதில்லை. எந்த நிலையில் கைப்பிடி இருந்தால் உடல் இதமாக இருக்கிறது என்பதை அளந்து குறித்துக்கொண்டால், புதிய சட்டம் எவ்வளவினதாக இருத்தல் வேண்டும் என்பது தானே விளங்கும். நோயின் காரணத்தை அறிந்த பின்னரன்றோ மருந்தைத் தேடுதல் வேண்டும்?

நான்கு வகைப் பொருள்கள்

சட்டம் செய்ய இன்று வழங்கும் பொருள்கள் எஃகு, அலுமினியம், டைட்டேனியம், கரிம இழை என நான்கு. ஒரு கன சென்டிமீட்டர் எஃகு 7.8 கிராம் எடையுள்ளது. அதே அளவு டைட்டேனியம் 4.5 கிராம், அலுமினியம் 2.7 கிராம், பிசினோடு கூடிய கரிம இழை ஏறத்தாழ 1.6 கிராம்.

எனின், எஃகினும் மூன்றில் ஒரு பங்கு எடையுள்ள அலுமினியத்தாற் செய்த சட்டமும் மூன்றில் ஒரு பங்கு எடையே இருக்குமோ என்று மாணவர் வினவலாம். அஃது அவ்வாறன்று. வளையாது நிற்கும் தன்மையிலும் அலுமினியம் எஃகில் மூன்றில் ஒரு பங்கே. ஆகவே, அதே அளவுக் குழாயை அதே தடிப்பில் அலுமினியத்தாற் செய்தால் சட்டம் நெளியும். இதற்குப் பொறியாளர் கண்ட வழி குழாயைப் பருமனாக்குவது. ஒரு குழாயின் விட்டத்தை இரு மடங்காக்கி, சுவரின் தடிப்பைப் பாதியாக்கினால், எடை மாறாது. வளையாத் தன்மையோ நான்கு மடங்காகும். 1970-களில் அமெரிக்க நாட்டுக் கேரி கிளைன் என்பவர் இவ்வழியிற் பருமனான அலுமினியக் குழாய்களால் சட்டம் அமைத்தார். தொடக்க கால அலுமினியச் சட்டங்கள் கடுமையானவை எனப் பெயரெடுத்ததற்குக் காரணம் அவ்வுலோகமன்று. அதன் பருத்த குழாயே.

எஃகு உழைப்பாளி. அதனாற் செய்த நல்ல பந்தயச் சட்டம் ஏறத்தாழ 2 கிலோ எடையிருக்கும். நொடிந்தாற் பற்றவைக்கலாம், வளைந்தால் நிமிர்த்தலாம். துருவே அதன் பகை. அலுமினியச் சட்டம் ஒன்றேகால் கிலோ முதல் ஒன்றரைக் கிலோ வரை இருக்கும், விலையும் குறைவு. ஆயின், அளவுக்கு உட்பட்ட சிறு பளுவையும் அது மறப்பதில்லை. எஃகும் டைட்டேனியமும் ஓர் எல்லைக்குட்பட்ட அதிர்ச்சியை எத்தனை முறை ஏற்றாலும் தளர்வதில்லை. அலுமினியத்திற்கு அத்தகைய எல்லை இல்லை. ஒவ்வோர் அதிர்ச்சியும் அதன் வாழ்நாளிற் சிறு துளியைக் குறைக்கிறது. ஆகவே அதற்குப் போதிய தடிப்பு வைத்தே செய்வர்.

டைட்டேனியம் துருப்பிடிப்பதில்லை, எஃகினும் எடை குறைந்தது, அலுமினியத்தினும் நெடிதுழைப்பது. ஆயின், அதனைப் பற்றவைக்கும்போது காற்றுப் படலாகாது. ஆர்கான் வாயுவாற் சூழ்ந்தே பற்றவைத்தல் வேண்டும். இதனால் அதன் விலை மிகுதி.

கரிம இழை இவற்றின் வேறானது. தலைமயிரினும் மெல்லிய இழைகளைப் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காகப் படியவைத்துச் சூட்டிற் கெட்டியாக்குவர். உலோகம் எத்திசையிலும் ஒரே வலிமையுடையது. இழையோ தான் கிடக்கும் திசையில் மட்டுமே வலிமையுடையது. ஆதலின், வளையலாகாத இடத்தில் இழையை ஒருவாறும், சிறிது இணங்க வேண்டிய இடத்தில் வேறோராறும் கிடத்தி, சட்டத்தின் குணத்தை விரும்பியவாறு அமைக்கலாம். 1992 ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்குப் போட்டியில் இங்கிலாந்து வீரர் கிறிசு போர்டுமேன் கரிம இழையால் ஒரே வார்ப்பாக அமைந்த வண்டியில் தங்கப் பதக்கம் வென்றபின், இப்பொருளின் புகழ் உலகெங்கும் பரவிற்று. இன்று ஒரு கிலோவுக்கும் குறைந்த கரிமச் சட்டங்கள் விற்பனைக்கு உள்ளன.

பழைய உறுப்பும் புதிய சட்டமும்

சட்டத்தை மட்டும் வாங்கி, பழைய வண்டியின் உறுப்புகளை அதிற் பூட்டிக்கொள்ளலாம் என எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் நன்றே. ஆயின், உறுப்புகள் பொருந்துமா என்பதை வாங்குமுன்னரே அளந்து பார்த்தல் வேண்டும்.

பின்னுருளியின் அச்சு அமரும் இடைவெளி, விளிம்பைப் பற்றும் பிரேக்குள்ள வண்டிகளிற் பெரும்பாலும் 130 மில்லிமீட்டர். தட்டுப் பிரேக்குள்ள புதிய வண்டிகளில் 142 மில்லிமீட்டர். ஒன்றன் உருளி மற்றொன்றிற் பொருந்தாது. எஃகுச் சட்டத்தைச் சிறிது விரித்துக் கொடுக்கலாம். அலுமினியத்தையும் கரிம இழையையும் அவ்வாறு விரித்தல் ஆகாது. மிதி சுழலும் அச்சுக்கூட்டிலும் வேறுபாடுகள் உண்டு. ஆங்கில முறையில் அதன் அகலம் 68 மில்லிமீட்டர். வலப்புற மரை எதிர்த்திசையில் திருகுவது. இத்தாலிய முறையில் அகலம் 70 மில்லிமீட்டர். இருபுறமும் ஒரே திசை மரை. இருக்கைத் தண்டின் விட்டம் ஒரு மில்லிமீட்டரிற் சிறு பங்கு வேறுபட்டாலும் தண்டு நழுவும், அல்லது நுழையாது.

இவற்றையெல்லாம் கணக்கிடாமற் சட்டத்தை வாங்கியவர், பின்னர் உருளியும் பிரேக்கும் அச்சும் புதிதாக வாங்க நேரிட்டு, முழுவண்டியின் விலையினும் மிகுதியாகச் செலவிடுவர். பழைய உறுப்புகள் மிகத் தேய்ந்திருப்பின் முழுவண்டியாக வாங்குதலே சிக்கனம்.

உயிர்க்காவல்

இறுதியாகக் கூற வேண்டுவது எல்லாவற்றினும் இன்றியமையாதது. மலையிலிருந்து இறங்கும் மிதிவண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவையும் எட்டும். அவ்விரைவில் ஊர்பவரின் உயிர் சட்டத்தின் கையில் இருக்கிறது.

எஃகு பெரும்பாலும் உடையுமுன் வளைந்தோ வெடிப்புக் காட்டியோ எச்சரிக்கும். அலுமினியம் பற்றவைத்த இடத்தருகே மயிரிழை போன்ற வெடிப்பைக் காட்டும். கரிம இழையோ வெளியே வண்ணம் குலையாமலே உள்ளடுக்குப் பிரிந்திருக்கக்கூடும். ஆதலின், கரிமச் சட்டம் கடுமையாக மோதியிருப்பின் தேர்ந்தவரிடம் காட்டாமல் அதனை ஊர்தல் கூடாது. பிறர் ஊர்ந்த கரிமச் சட்டத்தை, அதன் வரலாறு அறியாமல், விலை மலிவென்று வாங்குதலும் கூடாது. அதன் திருகாணிகளை வலிமை கொண்ட மட்டும் முறுக்கலாகாது. செய்தவர் குறித்த அளவுக்கே, அளவு காட்டும் திருகியாற் பூட்டுதல் வேண்டும். வண்டியைத் துடைக்குந்தோறும் ஒவ்வொரு மூட்டையும் கண்ணால் நோக்குதல் நல்ல பழக்கம். துடைக்கும் துணியே முதற் காவலன் எனலாம்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், தேர்வின் வரிசை தெளிவாகும். உடலுக்கேற்ற அளவு முதலாவது, அகன்ற டயருக்கு இடம் இரண்டாவது, உறுப்புகளின் பொருத்தம் மூன்றாவது, பொருளும் விலையும் நான்காவது, எடை ஐந்தாவது. கடைக்குச் செல்வோர் பலர் இவ்வரிசையைத் தலைகீழாக்கி, சட்டத்தை ஒரு விரலால் தூக்கிப் பார்த்து, எடை குறைவென்று வியந்து, விலை கொடுத்து விடுகின்றனர். ஒரு விரலாற் சிறிது நேரம் தூக்கிய சட்டத்தின்மேல் பல்லாயிரம் கிலோமீட்டர் அமர வேண்டியவர் தாமே என்பதை அவர் அப்போது எண்ணுவதில்லை.

ஐம்பது கடந்து, முதுகு நோவால் வண்டியைச் சுவரிற் சாய்த்து வைத்த ஒருவர், தம் உடலை அளந்து, தமக்குத் தக்க சட்டத்தைத் தேர்ந்து, மறுபடியும் விடியற்காலைச் சாலையில் இறங்குகிறார் எனின், அவர் பெற்றது ஒரு கிலோ எடைக்குறைவு மட்டுமன்று. தம் கால்களால் தாம் விரும்பிய இடத்திற்குச் செல்லும் உரிமையையே அவர் மீண்டும் பெற்றார். அவ்வுரிமையைத் தருவதே நல்ல சட்டத்தின் பயன்.